கடற்காற்றில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் செடான்: விற்பதா, இன்னும் வைத்திருப்பதா?

திருகோணமலை மாவட்டத்தில், கிண்ணியாப் பக்கம் எனக்குப் பழக்கமான கராஜ் ஒன்றில், போன மாசி மாதம் என் காரை லிஃப்டில் ஏற்றிவிட்டு, அங்குள்ள மெக்கானிக் நானா ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் அடிப்பகுதியைத் தட்டிக்கொண்டே நகர்ந்தார். முன் சில்லுக்குப் பின்னால் ‘டங்’. கதவுக்குக் கீழே ‘டங்’. இன்னும் ஓர் அடி தள்ளி ‘டங்’. இடது பின் சில்லை நெருங்கும்போது சத்தம் மாறியது. ‘பொத்’. அந்த இடத்தில் நின்று, ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, முனையால் மெதுவாகச் சுரண்டினார். மேல் கறுப்புப் பூச்சு உரிந்து, அதற்கு உள்ளிருந்து அப்பளத் துண்டு போல அடுக்கடுக்காக ஒரு துருச் செதில் என் உள்ளங்கையில் விழுந்தது. விரலால் அழுத்தினேன், தூளாகிவிட்டது.

“தம்பி, இது வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டலாம். ஆனா இதுக்கு மேல ஏறி, பின் சஸ்பென்ஷன் பூட்டியிருக்கிற இடத்துக்குப் போயிட்டா, பிறகு என்னட்ட கொண்டு வராதீங்க” என்றார்.

கார் 2001 ஆம் ஆண்டு டொயோட்டா அல்டெஸா, ஆர்எஸ்200. இரண்டு லிட்டர் 3எஸ்-ஜிஇ எஞ்ஜின், 210 குதிரைத் திறன், ஆறு கியர் மெனுவல், பின்சில்லு இழுவை. ஜப்பானில் 1998 முதல் 2005 வரை விற்ற வாகனம். முதல் வருடமே அந்த நாட்டின் ‘ஆண்டின் சிறந்த கார்’ விருதையும் வாங்கியது. உள்ளே ஸ்பீட் மீட்டருக்குள் மூன்று குட்டி மீட்டர்கள், கைக்கடிகாரம் போல. நான் 2013 இல் வாங்கினேன். இப்போது 187,000 கிலோமீட்டர். அன்றைக்கு நானா எழுதித் தந்த பட்டியலில் துருவைத் தவிர டைமிங் பெல்ட், வோட்டர் பம்ப், கிளச், நாலு ஷொக் அப்சோபர், முன்னும் பின்னும் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் வகைகள், ரேடியேட்டர் எல்லாம் இருந்தன. கூட்டிப் பார்த்தால் ஆறு லட்சம் ரூபாயை ஒட்டி வந்தது.

இரவு சாப்பாட்டு மேசையில் மச்சான் கேட்டார்: “இருபத்தஞ்சு வருஷ வாகனத்துக்கு இனியும் காசு கொட்டப் போறீங்களா அத்தான்?”

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது. என்னைப் போலவே ஒரு பழைய அல்டெஸாவையோ, இம்ப்ரெஸாவையோ, லான்சரையோ, ஈ46 பிஎம்டபிள்யூவையோ வைத்துக்கொண்டு முழிக்கிறவர்கள் திருகோணமலையில் கொஞ்சப் பேராவது இருப்பார்கள். அவர்களுக்காக நான் ஒப்பிட்டுப் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் எழுதப்படும் வாகன ஆலோசனைகள் நமக்குப் பொருந்தாது. அங்கே புதுக் காரின் விலை சில வருடங்களிலேயே பாதியாகிவிடும், அதனால் இத்தனை வயதில் விற்றுவிடு என்று கணக்குச் சொல்வார்கள். இங்கே, இலங்கையில், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022 இல் ரூபாய் விழுந்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்கள் விலை ஏறின. என் காரையே நான் வாங்கிய விலையைவிடக் கூடுதலாகக் கேட்டவர்கள் உண்டு. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது. ஆனால் சுங்க வரி, எஞ்ஜின் அளவைப் பார்த்துப் போடும் உற்பத்தி வரி, அதற்கு மேல் 18 வீத வற் என்று சேர்ந்து, வந்திறங்கும் காரின் விலை எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது. ஆக, பழசை வைத்திருந்தால் விலை ஏறும் என்ற காலமும் போய்விட்டது. புதுசு கைக்கு எட்டும் காலமும் வரவில்லை. இந்த இடைவெளியில் நின்றுதான் நாம் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது விஷயம் ஊர். நான் இருப்பது உப்புவெளியில். வேலை உவர்மலைப் பக்கம். இரண்டு ஊர்ப் பெயர்களிலும் உப்பு இருக்கிறது, கவனித்தீர்களா? ஐப்பசி கார்த்திகையில் தொடங்கி தை மாதம் வரை வாடைக் காற்று கடலிலிருந்து அடிக்கிறது. நிலாவெளி றோட்டில் காலையில் நிறுத்திய காரின் கண்ணாடியை மாலையில் விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். அது வெறும் ஈரமில்லை, உப்பு. அப்புறம் வைகாசி, ஆனியிலிருந்து கச்சான் காற்று. அது தரையிலிருந்து, தென்மேற்கிலிருந்து, அனல் மாதிரி வரும். வாடைக் காற்று காரின் உடம்பை அரிக்கிறது, கச்சான் காற்று எஞ்ஜினின் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் சுடுகிறது. ஒரே ஊரில் இரண்டும். நுவரெலியாவில் இருபது வருடம் ஓடிய காரும் நம் ஊரில் இருபது வருடம் ஓடிய காரும் ஒரே வயதுடையவை அல்ல.

இதிலிருந்துதான் என் அடிப்படைக் கருத்து வருகிறது. பழைய காரை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை மீட்டரும் வயதும் சொல்லாது. கழற்றி மாற்றக்கூடியது எது, மாற்ற முடியாதது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பெல்ட், புஷ், ரேடியேட்டர், கிளச் எல்லாம் காசு கொடுத்தால் புதிதாகும். எஞ்ஜினைக்கூட ஜப்பானிலிருந்து வரும் ரெக்கண்டிஷன் எஞ்ஜினாக மாற்றலாம். உடல் சட்டத்துக்கு மாற்று கிடையாது. துரு உள்ளே போனால் கதை முடிந்தது. அதனால் ஆறு லட்சம் ரூபாய்ப் பட்டியலைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன்னால், தட்டிப் பார்க்கும் அந்த ஸ்க்ரூ டிரைவரின் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

எங்கே தட்ட வேண்டும்? கதவுக்குக் கீழே ஓடும் நீளப் பெட்டிச் சட்டம், ஜாக் வைக்கும் இடங்கள், பின் சில்லு வளைவின் உள்விளிம்பு, டிக்கிக்குள் உதிரிச் சில்லு கிடக்கும் பள்ளம், பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம் பூட்டியிருக்கும் நான்கு மூலைகள். அதோடு பிரேக் குழாய்களை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சொரசொரப்பு இருந்தால் துரு, குழாய் வெடித்தால் பிரேக் போய்விடும். என் காரில் நானா கதவுச் சட்டத்தின் அடியிலிருந்த வடிகால் துளையை ஒரு கம்பியால் குத்தியபோது, அதிலிருந்து கடல் மணல் சலசலவென்று கொட்டியது. கால் கோப்பை இருக்கும். மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்வந்த ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அந்தச் சட்டத்துக்குள் சேர்ந்து கிடந்திருக்கின்றன. மணல் துளையை அடைத்தால் தண்ணீர் வெளியே போகாது. உள்ளிருந்தே அரிக்கும்.

இன்னொன்று. நம்மில் பலர் காரைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவுகிறோம். கடற்கரையோரக் கிணறுகளில் பல உவர். அந்தத் தண்ணீரால் கழுவுவது உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதுதான். குழாய்த் தண்ணீர் வேண்டும், அதுவும் மேலிருந்து அல்ல, அடியிலிருந்து. துரு இருக்கிற இடத்தின் மேல் அப்படியே கறுப்பு அண்டர்கோட் அடித்துவிடுவதும் கூடாது. பார்க்க அழகாக இருக்கும், ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். நான் 2017 இல் அப்படித்தான் அடித்துவிட்டேன். இந்த வருடம் உரிந்து விழுந்தது அந்தப் பூச்சுதான்.

சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

மச்சான் சொன்ன வழி, இப்போதே விற்றுவிட்டு ஒரு ஹைபிரிட் வாங்குவது. அக்வா, அல்லது அக்ஸியோ ஹைபிரிட். இதை நான் உண்மையாகவே யோசித்தேன். மாதம் சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறேன். என் கொப்பிக் கணக்கில் அல்டெஸா டவுனும் நெடுந்தூரமும் கலந்து லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர். ஆக 118 லிட்டர். எஞ்ஜினின் அமுக்க விகிதம் 11.5, உயர்ந்தது என்பதால் 95 ஒக்டேன் பெற்றோலைத்தான் ஊற்றுகிறேன், 92 ஊற்ற மனம் வருவதில்லை. ஹைபிரிட் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தால் 50 லிட்டர் போதும். மாதம் 68 லிட்டர் மிச்சம். எண்ணிப் பார்க்க வசதியாக லிட்டர் 350 ரூபாய் என்று வைத்தால் 23,800 ரூபாய்.

இந்தப் பக்கம் பாருங்கள். என் காரை விற்ற காசுக்கு மேல் 40 லட்சம் லீசிங் எடுக்க வேண்டி வரும். ஐந்து வருடம், 13 வீத வட்டி என்று போட்டால் மாதத் தவணை 91,000 ரூபாயைத் தொடுகிறது. மிச்சம் பிடிப்பது 24,000, கட்டுவது 91,000. லீசிங் இருக்கும்வரை முழுக் காப்புறுதியும் கட்டாயம். நானாவின் ஆறு லட்சம் ரூபாய்ப் பட்டியல் ஏழு மாதத் தவணைகூட இல்லை. இந்தக் கணக்கை எழுதிக் காட்டிய பிறகு மச்சான் கொஞ்சம் இறங்கி வந்தார்.

ஆனால் இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு மிச்சம் மூன்று மடங்கு. மூதூரிலிருந்தோ கந்தளாயிலிருந்தோ தினமும் டவுனுக்கு வந்து போகிறவர் ஹைபிரிட்தான் வாங்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கையில் ரொக்கம் இருந்து லீசிங் தேவைப்படாதவருக்கும் வேறு கணக்கு.

ஹைபிரிட் வாங்குகிறவர்கள் பெட்டரியைக் குளிர்விக்கும் காற்றாடியின் வாயைப் பார்க்க வேண்டும். அக்வாவில் அது பின் சீட்டின் பக்கத்தில் இருக்கிறது. தூசியும் மணலும் அடைத்தால் பெட்டரி சூடேறி ஆயுள் குறையும். கச்சான் காலத்தில் நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்துக்குப் பிறகு, எந்தப் பழைய காரை வாங்கினாலும் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கேதான் மறைந்திருக்கும்.

அடுத்த வழி, ஸ்போர்ட்ஸ் செடானை விற்று இன்னொரு இளைய ஸ்போர்ட்ஸ் செடான் வாங்குவது. இதில் ஒரு சங்கடம். நம் நாட்டு வரி எஞ்ஜின் அளவைப் பார்ப்பதால், கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் வந்த இளைய செடான்களில் நிறைய சின்ன டர்போ எஞ்ஜின் உடையவை. ஹொண்டா சிவிக் 1,000 சிசி டர்போவோடு வந்தது. பிஎம்டபிள்யூ எஃப்30 318ஐ 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர். நல்ல வாகனங்கள்தான், ஏசி நன்றாகக் குளிர்கிறது, நெடுந்தூரத்தில் சத்தமில்லை, மோதினால் காப்பாற்றும் ஏற்பாடுகள் என் காரைவிட எவ்வளவோ மேல். நண்பர் ஒருவரின் சிவிக்கை நிலாவெளி வரை ஓட்டினேன். வேகம் இருக்கிறது. ஆனால் 7,000 சுற்றுக்கு மேல் என் எஞ்ஜின் பாடுகிற பாட்டு அதில் இல்லை. இது என் ஆசை. கணக்கில் சேர்க்க முடியாது என்று எனக்கும் தெரியும். கணக்கில் சேர்க்கக்கூடியது வேறு: இவற்றில் ஏதாவது மின்னணுக் கோளாறு என்றால் திருகோணமலையில் பார்ப்பவர்கள் குறைவு. கொழும்பு 260 கிலோமீட்டர். தூக்கிப்போக லொறி பிடிக்க வேண்டும். என் அல்டெஸாவை கிண்ணியாவில் நானா ஸ்பேனரோடு திறந்து பார்க்கிறார்.

மூன்றாவது வழியைத்தான் நம்மில் அநேகர், நான் உட்பட, யோசிக்காமலே எடுத்துவிடுகிறோம். விற்கவும் மாட்டோம், முழுதாகச் செய்யவும் மாட்டோம். உடைந்ததை மட்டும் மாற்றி, ‘இப்போதைக்கு ஓடட்டும்’ என்று விடுவது. நான் ஒப்பிட்டுப் பார்த்ததில் எல்லாவற்றிலும் கெட்ட வழி இதுதான்.

2023 ஆவணியில் கொழும்பு போய்விட்டுத் திரும்பும்போது, ஹபரணை தாண்டி இருட்டத் தொடங்கியது. அந்தக் காட்டு றோட்டில் யானை குறுக்கே வரும் என்பதால் மெதுவாகத்தான் வந்தேன். கந்தளாய்க்கு முன்னால் வெப்ப மீட்டரின் முள் நடுவிலிருந்து ஒரு கோடு மேலே போனது. ஏசியை நிறுத்தினேன். இன்னும் ஒரு கோடு. கடை வெளிச்சம் தெரிகிற இடம்வரை உருட்டிவந்து நிறுத்தி, பொனட்டைத் திறந்தால் இனிப்பு மணம், கூலன்ட் மணம். டோர்ச் அடித்துப் பார்த்தேன். ரேடியேட்டரின் மேலே இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி, வாங்கும்போது கறுப்பாக இருந்தது, இப்போது தேன் நிறத்துக்கு வந்திருந்தது. அதன் விளிம்பில் மயிர் போல ஒரு வெடிப்பு. அதைச் சுற்றி வெள்ளை, பச்சை நிறத்தில் காய்ந்த படிவு. அன்றைக்கு வெடித்ததல்ல அது. பல மாதமாகக் கசிந்து காய்ந்து, கசிந்து காய்ந்து இருந்திருக்கிறது. நான் மேலே தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். இருபது வருட பிளாஸ்டிக் வெடிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. தண்ணீர் குறைகிறதே, எங்கே போகிறது என்று பார்க்காதது என் பிழை. பின் சீட்டில் மனைவியும் மகளும் இருந்தார்கள். அந்தக் கடைக்கார ஐயா இரண்டு போத்தல் தண்ணீரும் மகளுக்கு ஒரு பிஸ்கட் பக்கெட்டும் தந்தார், காசு வாங்கவில்லை.

அன்றைக்கும் நான் செய்தது என்ன? பழைய ரேடியேட்டர் ஒன்றைத் தேடி வாங்கிப் போட்டேன். புதிது போடவில்லை. அதனால்தான் இந்த வருடப் பட்டியலில் மறுபடியும் ரேடியேட்டர். கூலியும் இரண்டு தரம். ஒட்டுப்போட்டு ஓட்டுவதில் காசு மிச்சமாவதாகத் தோன்றும், கொப்பியில் எழுதிக் கூட்டினால்தான் உண்மை தெரியும். 2022 முதல் 2025 வரை நான் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செலவழித்தது மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. கார் ஒரு நாளும் முழுதாக நன்றாக இருந்ததில்லை.

இன்னொரு வழியும் உண்டு. தினசரி ஓட்டத்துக்கு ஒரு வேகன் ஆர் போல ஏதாவது சின்ன வாகனம், அல்டெஸாவை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்வது. கேட்க இனிக்கும். வசதியும் கூரையுள்ள நல்ல கராஜும் இருந்தால் செய்யலாம். ஆனால் கடற்கரை ஊரில் நிறுத்தி வைத்த கார் ஓடுகிற காரைவிட வேகமாக வயதாகும். 2022 எரிபொருள் தட்டுப்பாடு எனக்கு இதைக் காட்டியது. அந்த ஆனி கடைசியில் 95 ஒக்டேன் லிட்டர் 550 ரூபாய். பிறகு கியூஆர் பங்கீட்டு முறை வந்து காருக்கு வாரம் 20 லிட்டர். என் காரை முற்றத்தில் மூடிவிட்டு சைக்கிளில் வேலைக்குப் போனேன். நாலு மாதம் கழித்து மூடியை எடுத்தபோது பெட்டரி செத்திருந்தது, டயர்களின் அடி தட்டையாகி ஓடும்போது தடதடவென்று ஆடியது, பிரேக் தட்டு துருவேறி பேட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியிருந்த துணிக்குள் ஈரம் நின்றதில் பொனட்டின் விளிம்பில் பெயின்ட் கொப்புளித்திருந்தது. இரண்டு வாகனம் என்றால் இரண்டு காப்புறுதி, இரண்டு வருமான அனுமதிப்பத்திரம், இரண்டு புகைப் பரிசோதனை. இந்த வழியை நான் சீக்கிரமே கைவிட்டேன்.

கடைசி வழி: ஒரு திகதி வைத்து, அதுவரை முழுதாகச் செய்து வைத்திருப்பது. நான் எடுத்தது இதைத்தான், ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

‘ஓடும்வரை வைத்திருப்பேன்’ என்பது திட்டமில்லை. முன்னால் சொன்ன ஒட்டுப்போடும் வழிக்கு அது இன்னொரு பெயர். திகதி இருந்தால்தான் எந்த வேலை தேவை, எது தேவையில்லை என்று தெரியும். இன்னும் ஒரு வருடம்தான் என்றால் ஷொக் அப்சோபர் புதிது போடுவது வீண். பெல்ட், பிரேக், டயர், இவை போதும். இரண்டு வருடத்துக்கு மேல் என்றால் ரப்பர் வேலை முழுவதையும் ஒரே தரத்தில் செய்வது இலாபம், ஏனென்றால் கழற்றிப் பூட்டும் கூலி ஒரே தரம். பெல்ட்டைக் கழற்றும்போது வோட்டர் பம்பும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும், அதை விட்டுவிட்டு மூடக்கூடாது. பெல்ட்டுக்கு 100,000 கிலோமீட்டர் என்பது பொதுக் கணக்கு. என் பெல்ட் 90,000 தான் ஓடியிருக்கிறது, ஆனால் போட்டது 2014 இல். பன்னிரண்டு கச்சான் பார்த்த ரப்பரை நான் நம்பமாட்டேன்.

உதிரிப்பாகம் பற்றி ஒரு நல்ல செய்தி. இதே அல்டெஸாதான் வெளிநாடுகளில் லெக்சஸ் ஐஎஸ்200 என்ற பெயரில் விற்றது. சஸ்பென்ஷன் கைகள், பந்து மூட்டுகள், புஷ் வகைகள் அநேகமாக இரண்டுக்கும் பொது. அதனால் ‘அல்டெஸா புஷ் இருக்கா?’ என்று மட்டும் கேட்டு இல்லையென்ற பதிலோடு திரும்பாதீர்கள். பாக எண்ணைக் கொண்டுபோய்க் கேளுங்கள். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் எனக்குக் கிடைக்காதது என்று இதுவரை இரண்டுதான்: டாஷ்போர்ட் மேலே இருக்கும் ஒரு மூடியும், பின் விளக்கின் ஒரு பக்கமும். இரண்டும் இல்லாமலும் கார் ஓடும். சின்ன வயது ஜேர்மன் கார் வைத்திருப்பவர்களுக்கு பாகம் கிடைக்கும், ஆனால் விலை டொலரோடு நேராகக் கட்டப்பட்டிருக்கும். இம்ப்ரெஸா, லான்சர் எவலூஷன் வைத்திருப்பவர்கள் டர்போவையும் கியர்பொக்ஸையும் தனியே கணக்குப் போட வேண்டும். அந்த இரண்டில் ஒன்று போனால் என் ஆறு லட்சம் சின்னத் தொகையாகிவிடும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை, இதைக் கடந்து போகாதீர்கள். ஜப்பானிலிருந்து ரெக்கண்டிஷனாக வந்த பழைய வாகனம் எதுவாக இருந்தாலும், தகாட்டா நிறுவனத்து ஏர்பேக் திரும்ப அழைப்பில் உங்கள் சேசிஸ் இலக்கம் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அந்த ஏர்பேக்குகளை ஊதவைக்கும் அமோனியம் நைட்ரேட் பல வருட வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போய், விரியும்போது இரும்புத் துண்டுகளைத் தெறிக்கவிட்டு உலகம் முழுதும் உயிர்களை எடுத்திருக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர் நம்முடையது. இலக்கம் பட்டியலில் இருந்தால், மாற்றும்வரை அந்தக் காரில் குடும்பத்தை ஏற்றுவது சரியில்லை. டயரின் பக்கத்தில் இருக்கும் நாலு இலக்கத்தையும் பாருங்கள், முதல் இரண்டும் தயாரித்த வாரம், கடைசி இரண்டும் தயாரித்த வருடம். டயரின் வெட்டுகள் ஆழமாக இருந்தாலும் பத்து வருட டயரை நம் வெயிலில் ஓட்டக்கூடாது.

இனி எப்போது விடுவது? பில் கையில் இருக்கும் நேரத்தில் முடிவெடுக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பில்லைப் பார்த்த கோபத்தில் விற்கிறவர் குறைந்த விலைக்கு விற்கிறார். செய்து முடித்த கார் வழுக்கிக்கொண்டு ஓடும் சந்தோஷத்தில் வைத்திருக்கிறவர் அடுத்த துருவைப் பார்க்க மறுக்கிறார். இரண்டு நேரமும் மனம் சரியான இடத்தில் இல்லை. அதனால் வருடத்துக்கு ஒரு நாள், வாடை மழை முடிந்து தை கடைசியில், காரை லிஃப்டில் ஏற்றித் தட்டிப் பார்த்து அன்றைக்கு மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்பது என்று நானாவும் நானும் பேசிக்கொண்டோம். பின் குறுக்குச் சட்டம் பூட்டும் மூலைகளில் துரு ஏறியிருந்தால் அன்றோடு முடிவு, எஞ்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும். இந்தப் பட்டியல் வேலை முடிந்த பிறகு, ஒரு வருடத்துப் பழுதுச் செலவு நான் முன்னால் சொன்ன லீசிங்கின் நாலு மாதத் தவணையைத் தாண்டினால் யோசனை தொடங்க வேண்டும். அதோடு மனைவியிடம் ஒரு கேள்வி: இந்தக் காரில் மகளை ஏற்றிக்கொண்டு, நான் இல்லாமல், இரவில் ஹபரணைக் காட்டைத் தாண்டிப் போவாயா? இல்லை என்றால் எங்கள் வீட்டுக்கு அந்தக் கார் போதாது. போன வருடம் இல்லை என்றாள்.

புகைப் பரிசோதனையில் தோற்றால் விற்க வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒக்சிஜன் சென்சரோ பிளக்கோ கோயிலோதான் காரணமாக இருக்கும், மாற்றினால் தீரும்.

என் பக்கத்தில் இதுவரை நடந்தது இது. சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னால் பின் சில்லுக்குப் பக்கத்துத் துருவை வெட்டி எடுத்தார்கள். நான் போயிருந்து பார்த்தேன். உள்ளங்கை அகலத் துண்டு, வெட்டிய விளிம்பில் வெள்ளை இரும்பு தெரிகிறவரை வெட்டச் சொன்னேன். புதுத் தகடு ஒட்டி, துருத்தடுப்புப் பூசி, சட்டத்துக்குள் மெழுகு எண்ணெய் அடித்தார்கள். வைகாசியில் பெல்ட், வோட்டர் பம்ப், புது ரேடியேட்டர். ஷொக்கும் புஷ்ஷும் அடுத்த மாதம். கிளச்சை இன்னும் தொடவில்லை, நழுவத் தொடங்கட்டும் பார்ப்போம். மகளுக்கு அப்போது ஓ/எல் பரீட்சை முடிந்திருக்கும் என்பதால், கொப்பியின் முன்பக்கத்தில் 2029 தை என்று எழுதியிருக்கிறேன். மச்சான் அதற்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டுவிட்டுப் போனார்.

கச்சான் தொடங்கிவிட்டது. போன சனிக்கிழமை மனைவி தானாகவே சாவியை எடுத்துக்கொண்டு கந்தளாயிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்வந்தாள். வெப்ப முள் நடுவைத் தாண்டவேயில்லை என்று சொன்னாள். அன்று மாலை காருக்கு அடியில் குழாயைப் பிடித்து வடிகால் துளைகளைக் கழுவினேன். கலங்கலாகக் கொஞ்சம் மணல் வந்தது, பிறகு தெளிந்த தண்ணீர்.